ஈழத்திற் கட்டடக்கலைத் தொழிலும் புளியந்தீவும்

கட்டடங்களின் வரலாற்றை எழுதியோர் பலர். அவற்றை வரைந்தோரின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலர். ஒரு கோட்டையைப்பற்றிப் பேசும்போது அதனைக் கைப்பற்றிய தளபதியின் பெயரை நினைவுகூர்கிறோம். ஒரு கோயிலைப்பற்றிப் பேசும்போது திருப்பணி செய்வித்த அரசனையோ வள்ளலையோ போற்றுகிறோம். அதற்கு உருவம் வகுத்தவன் யாவன், அவன் யாரிடம் பயின்றான், எங்ஙனம் வேலை பெற்றான், எந்தப் படிகளைக் கடந்து உயர்ந்தான் என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாக்கள் பழைமை ஆராய்ச்சிக்கு மட்டும் உரியன அல்ல. ஓர் ஊரின் இளைஞர் ஒரு தொழிலுட் புகுவதற்கு வழி எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தே அவ்வூரின் வீடும் பள்ளியும் வீதியும் யாருடைய எண்ணப்படி அமைந்தன என்பதும் முடிவாகிறது. ஆதலின் ஈழத்திலே கட்டடக்கலைத் தொழிலுக்குச் சென்ற வழிகளை வரிசைப்படுத்தி, அவற்றுள் புளியந்தீவு இளைஞனுக்கு எட்டியவை எவை, எட்டாதவை எவை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தீவும் அதன் கட்டடங்களும்

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் நடுவே அமைந்த சிறு தீவே புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் இங்கே கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் பிடித்த முதற் கோட்டை இதுவே. அதே மாதத்தில் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் செய்துகொண்ட உடன்படிக்கையும் இங்கேதான் கைச்சாத்தாகியது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். நாற்கோணமாய், மூலைக்கொரு கொத்தளம் கொண்டு, இருபுறம் அகழியும் இருபுறம் வாவியும் காவலாக நிற்கும் அக்கோட்டையின் வரைமுறை ஐரோப்பியருடையது. பிற்காலத்தில் அதனுள்ளே கச்சேரி இயங்கியது.

கோட்டைக்குப்பின் எழுந்த பொதுக் கட்டடங்களும் இவ்வாறே. 1814இல் உவில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த பள்ளியும் 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் மிசனரிமாரின் திட்டப்படி வளர்ந்தன. 1924இல் திறக்கப்பட்டுத் தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கிய கல்லடி இரும்புப் பாலம் குடியேற்ற அரசின் பொறியியலாளர் திறமைக்குச் சான்று. இவற்றாற் புளியந்தீவு பெற்ற நன்மை பெரிது. எனினும் இவற்றின் வரைபட மேசைகள் இத்தீவில் இருக்கவில்லை. அம்மேசைக்கு முன்னே அமர்தற்கு வேண்டிய கல்வியும் இங்கே இருக்கவில்லை.

குலவழிக் கல்வி

ஐரோப்பியர் வருமுன் நம்மிடத்துக் கட்டடக்கலை இல்லையோ எனின், இருந்தது. அதற்கெனக் கல்விமுறையும் பதவிப்படிகளும் இருந்தன. நெடுநல்வாடை என்னும் சங்கநூல், கோலின் நிழல் பார்த்துத் திசை தேர்ந்து அரண்மனைக்கு நிலம் வகுத்த வல்லுநரைக் காட்டுகிறது. மயமதம் முதலிய சிற்பநூல்கள் கட்டடத் தொழிலாளரை நால்வகைப்படுத்துகின்றன. தலைமையேற்று முழுமையும் வகுப்பவன் ஸ்தபதி. நூல்பிடித்து அளவு குறிப்பவன் சூத்திரகிராகி. கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவன் தக்ஷகன். உறுப்புகளைப் பொருத்திக் கட்டுபவன் வர்த்தகி. சூத்திரகிராகி ஸ்தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருப்பான் என்பது நூன்மரபு. இன்றைய அலுவலகத்திலே தலைமைக் கட்டடக்கலைஞருக்கும் படவரைஞருக்கும் இடையே உள்ள உறவை இது ஒருவாறு ஒத்திருக்கிறது.

இத்தொழிலுக்கு அக்காலத்தில் மதிப்பும் இருந்தது. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லன் என்பானை இராசராசப் பெருந்தச்சன் எனக் குறிக்கிறது. மன்னன் தன் பெயரையே பட்டமாகத் தச்சனுக்கு ஈந்தான். ஆனால் அம்முறையில் ஒரு வரம்பும் இருந்தது. கல்வி குடும்பத்துக்குள் நின்றது. அக்குடும்பத்திற் பிறவாதவன் உட்புகல் அரிது. அரசர் வீழ்ந்து திருப்பணிகள் அருகியபோது குடும்பங்கள் நலிந்தன. அவற்றோடு அறிவும் நலிந்தது. 1908இல் ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலிற் கைவினைஞரின் தொழின்முறைகளை விரிவாகப் பதிவுசெய்ததும், அடுத்த ஆண்டில் இந்தியக் கைவினைஞன் என்னும் நூலை வெளியிட்டதும் இந்த அழிவைக் கண்ட கவலையினாலேயே. தமிழகத்தில் 1957இல் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பக் கல்லூரி தோன்றிய பின்னரே மரபுக் கல்வி கல்லூரிக் கல்வியாகி, பிற குடியினர்க்கும் வாயில் திறந்தது. அக்கல்லூரியை நீண்டகாலம் நடத்திய கணபதி ஸ்தபதியே 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 133 அடிக் குமரித் திருவள்ளுவர் சிலையை வகுத்தவர்.

மராமத்து மேசை

ஆங்கிலேயர் ஆட்சியிற் கட்டடம் அரசாங்க அலுவலாயிற்று. பாதையும் பாலமும் கச்சேரியும் வைத்தியசாலையும் மராமத்துப் பகுதியாராற் கட்டப்பட்டன. 1877 தைத் திங்களில் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையை வரைந்த ஸ்மிதர் அப்பகுதியின் கட்டடக்கலைஞர். 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்த ஒஸ்ரின் உவுட்சனும், சுதந்திர மண்டபத்தை வரைந்த உவின் ஜோன்சும் அப்பகுதியின் தலைமைக் கட்டடக்கலைஞராய் விளங்கியோரே. மூவரும் ஆங்கிலேயர். நாட்டின் சுதந்திரத்தைக் குறிக்கும் மண்டபத்தையும் ஆங்கிலேயரே வரைய நேர்ந்தமை, அத்துறையில் நம் நாட்டவர் அன்று எந்நிலையில் இருந்தனர் என்பதைத் தெளிவாகக் காட்டும்.

சுதேசிகளுக்கு அத்திணைக்களத்தில் இடமில்லை என்பதில்லை. படவரைஞராகவும் ஓவசியராகவும் கணக்கராகவும் அவர்கள் சேரலாம். நேர்மையும் உழைப்பும் உள்ளவன் ஓய்வூதியம் வரை வாழலாம். ஆனாற் படவரைஞன் பிறர் எண்ணத்தைக் கோட்டிலே தீட்டுபவன், எண்ணம் அவனுடையதன்று. அம்மேசையிலிருந்து மேலே ஏறுதற்கு இலண்டனிலுள்ள பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச கழகத்தின் தகுதி வேண்டும். 1834இல் அமைந்த அக்கழகத்தின் பரீட்சையே பேரரசு முழுவதிலும் தொழிலின் திறவுகோலாக இருந்தது.

1893இல் கொழும்பு மருதானையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. இதனோடு மட்டக்களப்புக்கு ஓர் இனிய தொடர்பு உண்டு. காரைதீவிலே 1892இற் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்ற மயில்வாகனனார் 1915இல் அக்கல்லூரியிற் சேர்ந்து, அடுத்த ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். அவரே பின்னாளிற் சுவாமி விபுலானந்தர். 1947இல் வெளிவந்த அவர்தம் யாழ் நூலிலே பழைய யாழ்களின் அமைப்பையும் சுருதிக் கணக்கையும் ஒருங்கே ஆராயும் நுண்மையைக் காண்பார், விஞ்ஞானப் பயிற்சியும் தமிழ்ப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியதன் பயனை உணர்வர். அக்கூட்டுறவே கட்டடக்கலைக்கும் அடிப்படை. கணிதம் மட்டும் அறிந்தவன் பொறியியலாளனாகலாம். ஓவியம் மட்டும் அறிந்தவன் ஓவியனாகலாம். இரண்டையும் மக்கள் வாழ்க்கை அறிவோடு இணைப்பவனே கட்டடக்கலைஞன்.

கடல்கடந்து பெற்ற தகுதி

நாட்டிற் கட்டடக்கலைப் பள்ளி இல்லாத காலத்திற் கடல்கடந்து சென்றவர்களே முன்னோடிகளாயினர். ஒலிவர் வீரசிங்க பிரித்தானியத் தகுதி பெற்று வந்து, 1946ஆம் ஆண்டின் நகர், நாடு அமைப்புச் சட்டத்தின்வழி உருவான திணைக்களத்தை முதலில் நடத்தினார். அநுராதபுரப் புதுநகரின் திட்டம் அவருடையது. பேராதனைப் பல்கலைக்கழகத் திட்டத்தை அபர்க்குரொம்பி, ஹொலிடே ஆகிய ஆங்கிலேயர் வகுத்தபோது, அதனை நிலத்திலே கட்டடங்களாக்கியவர் ஷேர்லி த அல்விஸ்.

இருவர் வாழ்க்கையை மாணவர் சிறப்பாகக் கருதல் வேண்டும். ஒருவர் 1918இற் பிறந்த மினெற் டி சில்வா. பம்பாயிற் பயின்றபோது, காந்தியடிகளின் இயக்கத்தை ஆதரித்த மாணவர் கிளர்ச்சியிற் கலந்தமையாற் பள்ளியினின்றும் விலக்கப்பட்டார். பின் பெங்களூரிற் கட்டடக்கலைஞர் கோனிக்ஸ்பேர்கரிடம் வேலை செய்து, இலண்டன் சென்று, 1948இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஆசியப் பெண்களுள் அத்தகுதி பெற்ற முதல்வர் அவரே. கண்டிக்குத் திரும்பித் தாமே அலுவலகம் நடத்தினார். 1950களில் வத்தப்புளுவ என்னுமிடத்தில் அரசாங்க ஊழியர்க்கு வீட்டுத்திட்டம் வகுத்தபோது, குடிபுகப்போகும் குடும்பங்களின் தேவைகளை முன்கூட்டியே வினவி அறிந்து வீடுகளை வரைந்தார். இம்முறையை நாம் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

மற்றவர் 1919இற் பிறந்த ஜெப்ரி பாவா. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் கற்று, பாரிஸ்டராகிச் சிலகாலம் வழக்கறிஞராயிருந்தவர், 1951இற் கொழும்பில் ரீட் என்னும் கட்டடக்கலைஞரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் ரீட் இறந்தார். பாவா இலண்டன் சென்று கற்று, 1957இல், தமது 38ஆம் வயதில், தகுதி பெற்றுத் திரும்பி அதே நிறுவனத்தை நடத்தினார். 1982இற் கோட்டையில் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றம் அவர் புகழை உலகறியச் செய்தது. இத்தொழிலிற் காலந்தாழ்த்திப் புகுவது இழுக்கன்று என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. எனினும் முப்பது வயதுக்குப்பின் மீண்டும் மாணவனாகக் கடல்கடக்கச் செல்வம் வேண்டும் என்பதையும் அதே வாழ்க்கை காட்டுகிறது. வாவிக்கரை ஆசிரியரின் மகனுக்கோ விவசாயியின் மகனுக்கோ அவ்வாய்ப்பு எளிதாகக் கிட்டியதன்று.

பாவாவின் நிறுவனத்தில் 1967 முதல் இரு தசாப்தங்களுக்கு மேலாகப் பங்காளராயிருந்து, கட்டுமானத்தையும் நிர்வாகத்தையும் தாங்கியவர் பூலோகசுந்தரம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். நாட்டில் 1942இற் பல்கலைக்கழகமும் 1950இற் பொறியியற் பீடமும் அமைந்துவிட்டன. கட்டடக்கலைக்கு அன்றும் பள்ளி இல்லை. தமிழ் இளைஞர் பலர் பொறியியலை நாடியதற்கும் கட்டடக்கலையை நாடாமைக்கும் இதுவும் ஒரு காரணமாகும். கல்வியின் வாயில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இளைஞர் கூடுவர்.

கட்டுபெத்தையும் அதன் பின்னும்

1961இற் கட்டுபெத்தையிலிருந்த செய்தொழில்நுட்ப நிறுவகத்திற் கட்டடக்கலை வகுப்புத் தொடங்கியது. அதனை முயன்று நிறுவியவருள் முதன்மையானவர் ஜஸ்ரின் சமரசேகர. அவ்வளாகமே 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. 1976ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்துக்குச் சட்டவுருவம் அளித்தது. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் தொழிலின் வாயில் இலண்டனிலிருந்து கொழும்பின் அயலுக்கு வந்தது. கப்பலேறாது புகைவண்டி ஏறியே ஒருவன் கட்டடக்கலைஞனாகலாம் என்ற நிலை பிறந்தது.

ஆயினும் வாயில் அருகில் வந்த அதே காலத்தில் வேறு தடை எழுந்தது. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தலும், பின்னர் மாவட்டப் பங்கீடும் புகுந்தன. விஞ்ஞான, தொழிற்றுறைகளிற் சேரும் தமிழ் மாணவர் தொகை குறைந்தது. அது தமிழிளைஞர் உள்ளத்தில் ஏற்படுத்திய புண் நாட்டின் வரலாற்றையே மாற்றியது. மாவட்டப் பங்கீடு கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கு இடங்களை ஒதுக்கியதும் உண்மை. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்று. எனினும் இடம் ஒதுக்குவது வேறு. அவ்விடத்துக்கு மாணவனை ஆயத்தஞ்செய்யும் கணித வகுப்பும் சித்திர வகுப்பும் ஆசிரியரும் ஊரிலே இருப்பது வேறு. 1983இன் பின் தொடர்ந்த போர், இருந்த ஆசிரியரையும் தொழிலறிஞரையும் நாடுவிட்டுப் பெயர்த்தது.

இந்நிலையிலும் ஒரு தலைமுறை உருவாதல் என்னும் செயல் எத்தகைய பயன் தரும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகம் சான்று. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து அழைக்கப்பட்ட கட்டடக்கலைஞர் நரசிம்மன். 1981இல் அது தீக்கிரையான பின் மீட்டெடுக்கும் பணியில் ஈடுபட்ட கட்டடக்கலைஞர் வீ. எஸ். துரைராசா ஈழத்தவர், அவ்வரலாற்றை 1996இல் நூலாகவும் எழுதினார். முதன்முறை கடல்கடந்து ஆளைத் தேடினோம். இரண்டாம்முறை, துன்பமிக்க காலத்தில், நம்மிடையே ஒருவர் இருந்தார். வெளியூரார் வரைந்த கட்டடம் தாழ்ந்தது என்பதன்று நம் கருத்து. நரசிம்மனார் செய்த பணி என்றும் போற்றற்குரியது. இடுக்கண் வரும்போது உடனிருப்பவன் உள்ளூர்த் தொழிலறிஞனே என்பதுதான் இங்கே அறியத்தக்கது.

புளியந்தீவின் தேவை

அத்தகைய இடுக்கண் மட்டக்களப்புக்கு இருமுறை வந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளி கிழக்குக்கரையைச் சிதைத்தது. 900 பேருக்குமேல் மாண்டனர். கிடுகும் ஓடும் தகரமும் வேய்ந்த கூரைகள் பறந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை வாரிச் சென்றது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் வீழாமலே சரிந்து நின்றதைக் கண்டோர், அடித்தளம் என்னும் சொல்லின் பொருளை மறவார்.

இவற்றின்பின் வந்த மீள்கட்டுமானமே நம் ஆராய்ச்சியின் மையம். ஆழிப்பேரலைக்குப்பின் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத எல்லையைத் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனவும் முதலில் வகுத்தது. பின்னர் அதனைத் தளர்த்தியது. நிரந்தர வீட்டின் குறைந்த அளவு 500 சதுர அடி எனக் குறித்தது. அவசரகாலத்தில் அளவு குறிப்பது வேண்டுவதே. ஆனால் வீடு என்பது அளவு மட்டுமன்று. திண்ணை எப்பக்கம் இருத்தல் வேண்டும்? அடுப்புப் புகை எவ்வழி செல்லும்? மீனவன் வலையை எங்கே உலர்த்துவான்? பெண்வழிச் சீதனமாக வீடு செல்லும் இந்நாட்டில், மகளுக்கென அடுத்த வீடு அதே வளவில் எழ இடம் உண்டா? வாடைக்காற்றின் மழைச்சாரலை எந்தச் சுவர் தாங்கும்? இவ்வினாக்களை வினவுதற்கு மொழியும் பழக்கமும் அறிந்த ஒருவர் வேண்டும். மினெற் டி சில்வா கண்டியில் வினவியதைப்போல வாவிக்கரையில் வினவக்கூடியவர் எத்தனைபேர் நம்மிடம் இருந்தனர் என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமை.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் வந்தாறுமூலையில் முழுநிலை எய்தியது. ஆயின் அங்கே கட்டடக்கலைப் பீடம் எழவில்லை. ஆதலின் இன்றும் மாணவன் செல்லும் முதன்மையான வழி மொறட்டுவையே. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளிகளோடு, கட்டடக்கலைக்கென நடைபெறும் உளச்சார்புப் பரீட்சையிலும் அவன் தேறவேண்டும். போதனாமொழி ஆங்கிலம், படிப்பு ஐந்தாண்டு. பட்டத்தோடு பயணம் முடிவதில்லை. தகுதிபெற்ற ஒருவரின்கீழ் வேலைசெய்து, தொழிற்பரீட்சையில் தேறி, நிறுவகத்தின் பட்டயம் பெற்று, பதிவான பின்னரே தன் பெயரில் வரைபடத்திற் கையொப்பமிடலாம். வேலை வாய்ப்புக்கு அரசாங்கத்தில் கட்டடங்கள் திணைக்களமும், 1978இல் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபையும், 1979இல் அமைந்த வீடமைப்பு அதிகாரசபையும் உள்ளன. தனியார் அலுவலகங்களும் மத்திய கிழக்கு நாடுகளும் பலரை ஈர்க்கின்றன. இவ்வாறு நோக்கின், பழைய சூத்திரகிராகி குருவின் அருகே நூல்பிடித்துக் கழித்த ஆண்டுகளே இன்று பயிற்சியாண்டு என்னும் பெயரோடு நிற்கின்றன. அவ்வாண்டுகளிற் சம்பளம் சிறிது, கற்பது பெரிது. அதனைப் பொறுப்பவனே பின்னர் உயர்கின்றான்.

இத்துறையிற் கல்லூரிகள் செய்யத்தக்கவை சில உள. கணிதம் கற்கும் மாணவன் சித்திரத்தைக் கைவிட நேரும் பாடவேளை முறையை ஆசிரியர்கள் மறுபடி நோக்குதல் வேண்டும். உளச்சார்புப் பரீட்சை உண்டென்பதை மாணவன் உயர்தர வகுப்பின் தொடக்கத்திலேயே அறியச்செய்தல் வேண்டும். கொழும்பிலும் பிறநாடுகளிலும் அலுவலகம் நடத்தும் பழைய மாணவர், ஆண்டுக்கு ஓரிருவரையேனும் பயிலுநராக ஏற்றல் வேண்டும். நூறு பரிசளிப்பு உரைகளினும் ஒரு பயிற்சியிடம் பயன்மிக்கது. மாணவரோ இன்றே தொடங்கலாம். அளவு நாடாவும் பென்சிலும் கொண்டு தம் பாட்டியார் வீட்டை அளந்து வரைக. வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கும் கண்ணகியம்மன் கோயில்களுள் பழைய அமைப்பு மாறாதவற்றைப் புதுப்பிக்குமுன் படமெடுத்து அளவு குறித்து வைக்க. ஊர் மேசன்மாரிடமும் தச்சரிடமும் சென்று, சுண்ணாம்பும் மணலும் எவ்வளவு சேர்த்தனர், எந்த மரத்தை எப்பருவத்தில் வெட்டினர் என்று கேட்டு எழுதுக. இவை கல்லூரி நூலகத்திற் சேர்ந்தால், அடுத்த வெள்ளமோ காற்றோ வந்தபின் இந்நாட்டை மீளக் கட்டுவோர்க்கு முதல் ஆவணமாகும். இவற்றைத் தொகுத்த மாணவருள் இருவர் மூவரேனும் மொறட்டுவைக்குச் செல்வார்களாயின், புளியந்தீவின் வரைபடங்கள் புளியந்தீவிலேயே வரையப்படும் காலம் வெகுதூரத்தில் இல்லை.